நான்கெழுத்து ஊருக்கு 96 குறிகளா?

புந்தோங். எழுத்தெண்ணிப் பாருங்கள்: பு, ந், தோ, ங். நான்கே எழுத்து. இந்தப் பெயரைத் தமிழிலேயே ஒரு கணினிக் கோப்புக்கு வைத்துவிட்டு, கிட் என்னும் மென்பொருளிடம் "இன்று எந்தெந்தக் கோப்பு மாறியது?" என்று கேட்டால், அது ஊர்ப் பெயரைச் சொல்லாது. சாய்கோடும் எண்களுமாக ஒரு நீண்ட சங்கிலியைத்தான் காட்டும். அந்தச் சங்கிலியில் "பு" என்ற முதலெழுத்து மட்டும் இவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது:

\340\256\252\340\257\201

ஓர் எழுத்துக்கு 24 குறிகள். முழுப் பெயருக்கும் 96. "ஈப்போ" என்று வைத்தாலும் 60 குறிகள். கணினி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத்துரு இல்லாத குறையும் அன்று. கிட் இயல்பாகவே இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. இந்த இயல்பை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. மாற்றங்களைச் சுருக்கிச் சொல்லும் அதன் கணக்கையும் கூடவே திருத்த வேண்டும்.

கிட் என்றால் என்னவென்று அறியாத மாணவர்களுக்குச் சிறு விளக்கம். ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் இணையப் பக்கம் தயாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு: புந்தோங்கின் கச்சாங் பூத்தே வியாபாரம். ஒருவர் கடலை வகைகளைப் பற்றி எழுதுகிறார், ஒருவர் முறுக்கு சுடும் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறார், இன்னொருவர் படங்களை அடுக்குகிறார். எல்லாரும் ஒரே கோப்பில் கை வைத்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடும் ஆபத்து உண்டு. "இறுதி", "இறுதி2", "உண்மையான இறுதி" என்று கோப்புகள் பெருகுவதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது பதிந்து வைத்துக்கொள்ளும்; வேண்டுமானால் பழைய நிலைக்கும் திரும்பலாம். இவ்வகைக் கருவிகளில் இன்று மிகப் பரவலாகப் பயன்படுவது கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார்.

குழுவில் ஒருவர் தம் வேலையை அனுப்பியதும் மற்றவர்கள் முதலில் பார்ப்பது அதன் சுருக்கத்தைத்தான். வரிக்கு ஒரு கோப்பின் பெயர், பக்கத்தில் எத்தனை வரிகள் மாறின என்ற எண், அதற்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளும் கொண்ட ஒரு சிறு பட்டை. அடியில் மொத்தக் கணக்கு: மூன்று கோப்புகள் மாறின, 12 வரிகள் சேர்ந்தன, 5 வரிகள் நீங்கின. முழு மாற்றத்தையும் படிக்க நேரமில்லாதவர் இதைப் பார்த்தே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். ஆசிரியரும் அப்படித்தான். ஆகவே அந்தச் சுருக்கம் சொல்வது சரியாக இருக்க வேண்டும். அதைவிட முதலில், படிக்க முடிய வேண்டும்.

தமிழ்ப் பெயர் ஏன் எண்ணாகிறது? கணினிக்கு எழுத்து தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். ஒரு பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை இருக்கும். ரோமன் எழுத்துகள் எல்லாம் 127-க்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு போதும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் தேவை, அவை மூன்றுமே 127-ஐத் தாண்டியவை. "பு" என்பது ப, உகரக் குறி என்ற இரண்டு குறியீடுகளின் கூட்டு. எனவே ஆறு பைட்டு. 127-க்கு மேற்பட்ட பைட்டைக் கண்டால் கிட் அதை அப்படியே அச்சிடாமல், எட்டடிமான எண்ணாக மாற்றி, முன்னால் ஒரு சாய்கோடு போட்டுக் காட்டும். ஒரு பைட்டுக்கு நான்கு குறி. ஆறு பைட்டுக்கு 24. கணக்கு சரியாக வருகிறதா?

கிட் கையேடு இத்தகைய பைட்டுகளை வழக்கத்துக்கு மாறானவை என்ற வகையில் சேர்த்திருக்கிறது. யாருடைய வழக்கத்துக்கு? ஈப்போவில் ஒரு தெருவில் நடந்தால் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் கடைப்பலகைகளைப் பார்க்கலாம். அவற்றுள் ரோமன் எழுத்தில் உள்ள மலாய்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் மட்டுமே கிட்டின் சுருக்கத்தில் முழுதாகத் தெரியும். தமிழும் சீனமும் எண்களாகிவிடும். மலாய்மொழியையே ஜாவியில் எழுதினாலும் இதே கதிதான்.

எண்ணாக மாறுவதோடு தொல்லை முடியவில்லை. டெர்மினல் எனப்படும் கறுப்புச் சாளரத்தின் வழக்கமான அகலம் 80 எழுத்து. (அந்த 80-க்கும் ஒரு வரலாறு உண்டு. ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளையட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை போய்விட்டது, அகலம் மட்டும் போகவில்லை!) பெயர் அந்த அகலத்துக்குள் அடங்காவிட்டால் கிட் அதன் முன்பகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளிகளை வைக்கும். ஆங்கிலப் பெயர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. கோப்புறைகளின் பெயர் போய், கோப்பின் பெயர் மிஞ்சும்.

நம் மாணவர் குழு "அன்றைய-புந்தோங்", "இன்றைய-புந்தோங்" என்று இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு முதலெழுத்தில் மட்டும்தான். "புந்தோங்" என்ற கடைசிப் பகுதியே 96 குறிகளை விழுங்கிவிடுவதால், 80 அகலச் சாளரத்தில் வேறுபடும் முதலெழுத்து வெட்டுப்பட்டுப் போகும். திரையில் இரண்டு வரிகளும் ஒரே எண் சங்கிலியோடு நிற்கும். எந்தக் கோப்பில் 40 வரி போனது, எந்தக் கோப்பில் 2 வரி சேர்ந்தது என்று சொல்லவே முடியாது. பெயர் அழகாக இல்லை என்பது என் குறையன்று. சுருக்கம் தன் ஒரே வேலையைச் செய்யத் தவறுகிறது என்பதுதான் குறை.

இதற்கு மாணவர்கள் கண்டுபிடிக்கும் வழி எதுவென்று ஊகிப்பது எளிது. தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ரோமன் எழுத்தில் கதை1, கதை2 என்று வைத்துவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் உள்ளே தமிழ், வெளியே ஆங்கிலம் என்ற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ப் பெயரைக் கணினி "தாங்காது" என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை நம்பிவிட்டால், அந்த நம்பிக்கையைப் பிறகு மாற்றுவது கடினம். முத்து நெடுமாறன் இதே மலேசியாவில் 1980-களிலேயே கணினியில் தமிழை ஓடவிட்டு, முரசு அஞ்சலை உருவாக்கினார். அன்றைய கணினிகளோடு ஒப்பிட்டால் இன்று நம் கையில் உள்ள கைப்பேசி எத்தனையோ மடங்கு வலிமையானது. தடை வன்பொருளில் இல்லை.

எண்களாகக் காட்டும் வழக்கத்தை நிறுத்துவதற்குக் கிட்டிலேயே ஒரு விருப்பம் இருக்கிறது. "கோர்" என்ற பிரிவில் "கோட்பாத்" என்று பெயர். அதை "ஃபால்ஸ்" என்று மாற்றினால் தமிழ்ப் பெயர் தமிழாகவே தெரியும். ஆனால் நெடுநாள் வரை இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெயரின் அகலத்தைக் கிட் பைட்டுகளை எண்ணியே கணித்துவந்தது. திரையில் நான்கைந்து இடத்தில் அடங்கும் "புந்தோங்" அதன் கணக்கில் 24 இடம். ஆகவே கூட்டல் கழித்தல் பட்டைகள் வரிசை தப்பி, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் தள்ளாடின. 2022-இல்தான் பைட்டை விட்டுவிட்டுத் திரை அகலத்தை எண்ணும்படி திருத்தினார்கள். கிட் பிறந்து 17 ஆண்டுகள் கழித்து!

திருத்திய பிறகும் தமிழுக்கு முழு நியாயம் கிடைக்கவில்லை. "கிளி", "கீரி" என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். இரண்டுக்கும் இரண்டிரண்டு எழுத்து. கிட்டின் கணக்கில் "கிளி" நான்கு இடம், "கீரி" மூன்று இடம். காரணம் யூனிகோட் அட்டவணையில் இருக்கிறது. இகரக் குறியை அது இடம் பிடிக்கும் குறி என்றும், ஈகாரக் குறியையும் புள்ளியையும் இடம் பிடிக்காத குறிகள் என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. கிட் அதை நம்பி எண்ணுகிறது. உங்கள் திரையிலுள்ள எழுத்துரு எப்படி வரைகிறது என்பது வேறு விஷயம். இதில் கிட்டை மட்டும் குறை சொல்வது சரியில்லை. பல டெர்மினல் செயலிகள் தமிழ் எழுத்தைக் கோத்துக் காட்டவே தெரியாமல் கொம்பை இடம் மாற்றிப் போடுகின்றன.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை பெயரைவிட இதுதான் பெரிய சிக்கல்.

இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் "டிஃப்" என்னும் நிரலை, பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கினார். 1974-இல் அது யூனிக்ஸோடு வெளிவந்தது. அது வரிவரியாக ஒப்பிடும். நிரல் எழுதுபவர்களுக்கு அது பொருத்தம். நிரலில் ஒரு வரி என்பது பெரும்பாலும் ஒரு கட்டளை. கட்டுரை அப்படியன்று. தமிழ்க் கட்டுரையில் ஒரு பத்தி முழுவதையும் வரி உடைக்காமல் தட்டச்சு செய்கிறோம். கணினிக்கு அது ஒரே வரி. அந்தப் பத்தியில் விடுபட்ட ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும், பத்தியையே தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினாலும், சுருக்கம் ஒன்றையே சொல்லும்: ஒரு வரி சேர்ந்தது, ஒரு வரி நீங்கியது.

இதன் விளைவை நம் ஐவர் குழுவில் பாருங்கள். ஒரு மாணவி மூன்று நாள் அலைந்து, கச்சாங் பூத்தே குடும்பங்களில் மூத்தவர்களிடம் பேசி, பத்தியில் தவறாக இருந்த ஆண்டைத் திருத்துகிறார். சுருக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இன்னொருவர் எங்கிருந்தோ 400 வரிகளை எடுத்து ஒட்டுகிறார். அவர் பெயருக்கு எதிரே பட்டை நிறையக் கூட்டல் குறிகள். மூன்றாமவர் ஒன்றுமே செய்யவில்லை. கோப்பை விண்டோஸ் கணினியில் திறந்து சேமித்தார், அவ்வளவுதான். அந்தத் திருத்தி வரி முடிவைக் குறிக்கும் குறியை மாற்றிச் சேமித்திருந்தால், எல்லா வரிகளும் நீங்கி எல்லா வரிகளும் சேர்ந்ததாகக் கணக்கு வரும். குழு வேலைக்குப் புள்ளி போடும் ஆசிரியர் இந்தப் பட்டையை நம்பினால் யாருக்கு அதிகப் புள்ளி கிடைக்கும்? கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு பங்களிப்பாளரும் சேர்த்த வரி, நீக்கிய வரி எத்தனை என்று வரைபடமே போட்டுக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அதை உழைப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

கணக்கிடும் அலகு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உங்களுக்கு நன்கு பழக்கமான ஓர் இடம் உண்டு: விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாலும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் பச்சையிலோ சிவப்பிலோ ஓர் எண் இருக்கும். அது எழுத்துக் கணக்கும் இல்லை, சொற்கணக்கும் இல்லை, பைட்டுக் கணக்கு. தமிழில் "ஈப்போ" என்று ஒரு சொல் சேர்த்தால் 15 கூடும். மலாய் விக்கிப்பீடியாவில் அதே ஊரின் பெயரைச் சேர்த்தால் 4-தான் கூடும். தமிழர் நான்கு மடங்கு உழைத்துவிட்டதாகப் பொருளா? இல்லவே இல்லை. நம் கட்டுரைகள் "நீளமானவை" என்று பைட்டைக் காட்டிப் பெருமைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வரிக்குப் பதிலாகச் சொல்லை அலகாகக் கொள்ளலாம். கிட்டில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது; இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரித்து, மாறிய சொல்லை மட்டும் நிறமிட்டுக் காட்டும். ஆனால் அது முழு மாற்றத்தையும் விரித்துக் காட்டும்போதுதான் உதவுகிறது. சுருக்கத்தில் உள்ள எண் அப்போதும் வரிக் கணக்காகவே நிற்கிறது.

எழுத்து மட்டத்துக்கு இறங்கினால் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் முளைக்கிறது. "படம்" என்பதை "பாடம்" என்று திருத்துகிறீர்கள். நம் கண்ணுக்கு "ப" போய் "பா" வந்தது. கணினிக்கோ துணைக்கால் ஒன்று மட்டும் கூடியிருக்கிறது. சில கருவிகள் அந்தத் துணைக்காலை மட்டும் தனியே பிய்த்துப் பச்சை நிறமிட்டுக் காட்டும். அது பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தோடு தொங்கும். பைத்தான் மொழியிடம் "பாடம்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள், 5 என்று சொல்லும். ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் 3 என்கிறது. இரண்டாவது விடைதான் தமிழாசிரியர் ஏற்பது. அதாவது, சரியாக எண்ணும் வழி ஏற்கெனவே இருக்கிறது. யூனிகோட் அமைப்பே அதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவர் நண்பர்களும் வெளியிட்ட ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு, ஒரு சொல்லைக் கொடுத்தால் "பா, ட, ம்" என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. இருப்பதைச் சுருக்கத்துக்குள் கொண்டுவாருங்கள் என்றே கேட்கிறோம்.

மறுபக்க வாதத்தையும் கேட்டுவிடுவோம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் யூடிஎஃப்-8-ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பெயருக்குள் புதுவரிக் குறி, தாவல் குறி போன்றவைகூட ஒளிந்திருக்கலாம். கிட்டின் வெளியீட்டைப் படித்து வேலை செய்யும் மற்ற நிரல்கள் அவற்றைக் கண்டு குழம்பிப்போகும். அந்தக் காலத்தில் மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்புவதே வழக்கம். 127-க்கு மேற்பட்ட பைட்டுகள் வழியில் சிதைந்து போவதும் உண்டு. எண்ணாக மாற்றினால் எதுவும் சிதையாது.

அதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. தமிழில் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் குறிகள் இருக்கின்றன. "ஔவை" என்பதை ஔகாரமாக ஒரே குறியீட்டிலும் எழுதலாம், ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்தும் எழுதலாம். தமிழ் எண் ஒன்றும் ககரமும் இரட்டைப் பிள்ளைகள். "கொ" என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்தும் வரலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை அப்படிப் பிரித்துத்தான் சேமித்தது. யாராவது வேண்டுமென்றே ஒரே தோற்றத்தில் இரண்டு கோப்புகளை வைத்து ஏமாற்றப் பார்த்தால், எண் சங்கிலி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் உண்மை. இருந்தும் இயல்பு நிலை மாற வேண்டும் என்றே சொல்வேன். மற்ற நிரல்கள் படிப்பதற்கென்று கிட்டில் தனி வெளியீட்டு முறை இருக்கிறது. அதில் பெயர்கள் மாற்றமின்றி, ஒவ்வொன்றின் முடிவிலும் சுழியம் மதிப்புள்ள பைட்டோடு வரும். குழப்பத்துக்கு இடமே இல்லை. தன் வெளியீடு திரைக்குப் போகிறதா, வேறொரு நிரலுக்குப் போகிறதா என்பதும் கிட்டுக்குத் தெரியும். திரை என்றால் மட்டும் நிறம் பூசுகிறதே! நிறத்துக்குச் செய்வதை எழுத்துக்கும் செய்யலாம். திரையில் மனிதர் பார்க்கும்போது, முறையான யூடிஎஃப்-8 என்று சோதித்துத் தேறிய பெயரை அப்படியே காட்டட்டும். தேறாததையும், கண்ணுக்குத் தெரியாத குறிகள் உள்ளதையும் எண்ணாகக் காட்டட்டும். ஒரே தோற்றத்தில் இரண்டு பெயர்கள் வந்தால் ஓர் எச்சரிக்கை போதும். ஏமாற்றுக்காரர் ஒருவர் வரக்கூடும் என்று ஊரிலுள்ள எல்லாக் கடைப்பலகைகளுக்கும் கறுப்பு மை பூசிவிட முடியுமா?

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. மேலே சொன்ன "கோட்பாத்" விருப்பத்தை உங்கள் கணினியில் ஒருமுறை மாற்றிவிடுங்கள். அரை நிமிட வேலை. தமிழில் கட்டுரை எழுதும் கோப்புகளில் ஒரு வாக்கியம் முடிந்ததும் புதுவரி தொடங்குங்கள். இணையப் பக்கத்தில் அவை ஒரே பத்தியாகத்தான் தெரியும், ஆனால் வரிக் கணக்கு வாக்கியக் கணக்காக மாறிவிடும். சுருக்கத்தின் எண்ணுக்கு ஓரளவு பொருள் வரும். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று ஒரு வரி தமிழிலேயே எழுதுங்கள். "மூத்தவர் ஒருவரிடம் கேட்டு ஆண்டைத் திருத்தினேன்" என்ற அந்த ஒரு வரியை எந்தக் கூட்டல் குறியும் சொல்லாது. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புள்ளி போடும் முன் அந்த வரிகளைப் படியுங்கள்.

கிட் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அப்படிக் குறை சொல்லும்போது "தமிழ் சரியாக வரவில்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்தப் பதிப்பு, சாளரத்தின் அகலம் எவ்வளவு, என்ன பெயர் வைத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 80 அகலச் சாளரத்தில் "அன்றைய-புந்தோங்", "இன்றைய-புந்தோங்" என்ற இரண்டு கோப்புகளை வைத்து, திரையை அப்படியே படம் பிடித்து இணைத்துவிடுங்கள். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத நிரலருக்குக்கூட, இரண்டு வரிகளும் ஒன்றுபோல் நிற்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.